கரகரவா, கணகணவா?



வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வகுப்பறை அனுபவம் ஆகியவற்றையே எழுதி வருகிறேன். இம்முறை மின்கித்தாருடன் இணைக்கப்படும் ஒரு சிறு பெட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். 'தமிழாசிரியருக்கு இது எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துப் படியுங்கள். அந்தப் பெட்டி என்னை இறுதியில் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் மாணவர் தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் குறிப்பு எழுதும் அந்த ஒற்றை வரிதான்.

பயிற்சிக் கல்லூரி நாள்களிலிருந்தே எனக்குக் கித்தார் பழக்கம் உண்டு. எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் ஐவர் சேர்ந்து ஒரு சிறிய இசைக்குழு வைத்திருக்கிறோம். ஆண்டுதோறும் மே 16-ஆம் நாள் ஆசிரியர் தினத்திற்கும், இடையிடையே பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் வாசிப்போம். பெரிய திறமை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மேடையேறும் பொழுது நன்றாக ஒலிக்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? அந்த ஆசையில்தான் இபானெஸ் டி.எஸ்.9 என்னும் பெடல் ஒன்றை இரண்டாம் கை விலைக்கு வாங்கினேன்.

காலால் மிதித்து இயக்கும் பச்சைநிறப் பெட்டி அது. இத்தகைய பெட்டிகளை ஓவர்டிரைவ் பெடல் என்பார்கள். இதன் பின்னணி சுவையானது. 1950-களிலும் 60-களிலும் கித்தார் கலைஞர்கள் தங்கள் வால்வு ஒலிபெருக்கிகளை அவற்றின் எல்லைக்கு மேல் முடுக்கி வாசித்தபோது, ஒலி தன் தூய்மை கெட்டுக் கரகரத்தது. கெட்டுப்போன அந்த ஒலியே பலருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அதைப் பெற வேண்டுமானால் ஒலிபெருக்கியை ஊரே கேட்கும்படி அலறவிட வேண்டும். அவ்வாறு அலறவிடாமலே அந்தக் கரகரப்பைத் தருவதற்காக உருவானவைதாம் இப்பெட்டிகள். சப்பானியப் பொறியாளர் சுசுமு தமுரா வடிவமைத்த 'டியூப் ஸ்கிரீமர்' அவற்றுள் புகழ்பெற்றது. அதன் டி.எஸ்.808 வகை 1970-களின் இறுதியில் வெளிவந்தது. டி.எஸ்.9 வகை 1982-இல் வந்தது. அமெரிக்க புளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வாகனின் வாசிப்பைக் கேட்டவர்கள் இப்பெட்டியின் ஓசையையும் கேட்டிருக்கிறார்கள்.

உள்ளே நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கித்தாரிலிருந்து வரும் மெல்லிய மின்சமிக்ஞையை ஒரு சில்லு பெருக்குகிறது. திருகைக் குறைத்து வைத்தால் ஏறத்தாழ 12 மடங்கு. முழுவதும் திருப்பினால் ஏறத்தாழ 118 மடங்கு. அந்தச் சில்லின் பின்னூட்டப் பாதையில் இரண்டு சிலிக்கான் டையோடுகள் எதிரெதிராக அமர்ந்திருக்கின்றன. அலை ஏறத்தாழ அரை வோல்ட்டைத் தாண்டியதும் அவை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, அலையின் முகட்டையும் பள்ளத்தையும் மழுக்கிவிடுகின்றன. மழுங்கிய அலையில் மூலச் சுரத்துடன் புதிய மேற்சுரங்களும் பிறக்கின்றன. அவையே நம் காதில் கரகரப்பாக விழுகின்றன.

இன்னொன்றும் உண்டு. அதே இடத்தில் 4.7 கிலோஓம் மின்தடையும் 0.047 மைக்ரோபாரட் மின்தேக்கியும் இணைந்து ஓர் எல்லைக்கோடு இடுகின்றன. கணக்கிட்டால் அந்த எல்லை 720 ஹெர்ட்ஸ் என்று வரும். அதற்கு மேலுள்ள ஒலிகள் முழுப் பெருக்கத்தைப் பெறும். அதற்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும். கித்தாரின் தடித்த கம்பி எழுப்பும் சுரம் 82 ஹெர்ட்ஸ்தான். ஆக, அடிக்கம்பிகளின் கனம் அழிவதில்லை என்றாலும், மற்ற ஒலிகளைப் போல் அது வளர்வதுமில்லை.

வீட்டில் தனியாக வாசித்தபோது எனக்கு இது பெருங்குறையாகத் தோன்றியது. ஒலி மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல் இருந்தது. இப்பெட்டியின் உட்பாகங்களை மாற்றி ஓசையை மேம்படுத்துவது கித்தார் வாசிப்பவர்களிடையே வெகுநாள் வழக்கம். என்னென்ன மாற்றலாம் என்று விசாரித்துப் பட்டியல் போட்டேன். ஒரு சனிக்கிழமை கோலாலம்பூர், புடு வட்டாரத்தில் உள்ள ஜாலான் பாசாருக்குப் போனேன். மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பெயர்போன தெரு அது. ஒரு கைப்பிடிப் பாகங்களை வாங்கினேன். பிள்ளைகளுக்குப் புதுப் பென்சில் பெட்டி கிடைத்தாற்போல் வீடு திரும்பினேன்.

அன்றிரவே எல்லாவற்றையும் மாற்றினேன். 0.047 மின்தேக்கியைக் கழற்றி 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கியைப் பொருத்தினேன். 720 ஹெர்ட்ஸ் எல்லை ஏறத்தாழ 340-க்கு இறங்கியது. சிலிக்கான் டையோடுகளுக்குப் பதிலாகச் சிவப்பு ஒளியுமிழ் டையோடுகள். அவை ஏறத்தாழ 1.7 வோல்ட் வரை அலையை மழுக்காமல் விடுவதால் ஒலி உரத்தும் விரிந்தும் வரும். வெளியேறும் வழியிலுள்ள இரு மின்தடைகளை 470 ஓமிலிருந்து 100 ஓமாகவும், 100 கிலோஓமிலிருந்து 10 கிலோஓமாகவும் மாற்றினேன். பலரும் தேடி அலையும் பழைய 808-க்கும் இதற்குமுள்ள முதன்மையான வேறுபாடு அந்த இரண்டு மின்தடைகள்தாம். கடைசியாகச் சில்லையும் மாற்றினேன். அதன் எட்டுக் கால்களில் ஒன்று எளிதில் வரவில்லை. சூடு அதிகமாகிப் பலகையிலிருந்த செப்புத் தடம் ஒன்று பெயர்ந்து வந்துவிட்டது. ஏதோ ஒட்டுப்போட்டுச் சமாளித்தேன்.

இயக்கினால், அப்பப்பா! வீட்டுச் சன்னல் அதிர்ந்தது. ஒலி கனத்து, அகன்று, அறை முழுவதையும் நிறைத்தது. மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். வெற்றி என்றே எண்ணினேன்.

அடுத்த வாரம் குழுவாக ஒத்திகை பார்த்தபோது உண்மை தெரிந்தது. பேஸ் கித்தாரும் தாளக்கருவியும் சேர்ந்தவுடன் என் கித்தாரைக் காணவில்லை. இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் களிமண்ணைப் பிசைந்தாற்போல் ஒரு மந்தமான முனகல். திருகைக் கூட்டக் கூட்ட இரைச்சல்தான் மிகுந்தது. "சார், உங்க கித்தாரு என் பேஸ் மேல ஏறி உட்காந்திருக்கு," என்றார் பேஸ் வாசிக்கும் நண்பர். போதாக்குறைக்கு, நான் ஒட்டுப்போட்ட இடம் அவ்வப்போது விட்டுப்போய் ஒலியே நின்றது. எந்த மாற்றம் எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிய எனக்கு எதைக் குற்றஞ்சாட்டுவது என்று விளங்கவில்லை.

அப்போதுதான் என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை அவனுக்கு நானே தமிழாசிரியர், வகுப்பாசிரியரும் நானே. இப்போது முப்பது வயதைக் கடந்தவன். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி அமைப்பதும், பழுதுபார்ப்பதும் அவன் தொழில். சிறியதாக ஒரு கடை வைத்திருக்கிறான். வயதுக்கு 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். பழக்கம் விடவில்லை, பொறுத்தருள்க.

அடிமூடியைக் கழற்றிப் பார்த்தான். "யாரு சார் இத செஞ்சது?"

"நான்தான்."

சிறிது நேரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரி சார், உங்களுக்கு என்ன ஓசை வேணும்?" என்றான்.

"இன்னும் நல்லா இருக்கணும்."

"நல்லான்னா எப்படி சார்?"

"இப்போ இருக்கிறத விட நல்லா."

அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு அன்று. "அப்படிச் சொன்னா நான் எந்தப் பாகத்த மாத்துறது சார்?"

நண்பர்களே, நான் வாயடைத்து நின்றேன். தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த ஒலிநிலைகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. அதைக் கற்பித்து ஊதியம் பெறுகிறவன் நான். எனக்கு வேண்டிய ஓசை இன்னதென்று சொல்ல என்னிடம் ஒரு சொல் இல்லை.

அவனே உதவிக்கு வந்தான். "நாலாம் ஆண்டுல இரட்டைக்கிளவி சொல்லிக் கொடுத்தீங்களே சார். கரகரன்னு வேணுமா, கணகணன்னு வேணுமா?"

நான் யோசித்தேன். "கரகரப்பு வேணும். ஆனா ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக் கேக்கணும். தடிச்ச கம்பிக்குக் கொஞ்சம் உடம்பு இருக்கணும். பேஸ் மேல ஏறக் கூடாது."

நான் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டான். "கரகரப்பு கூடுனா தனித்தனியாக் கேக்கிறது கொறையும் சார். ரெண்டுல எத விட்டுக் குடுப்பீங்க?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மாற்றம் என்றால் கூடுவது மட்டுமே என்று எண்ணியிருந்தேன். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்பது உறைக்கவில்லை. கரகரப்பைச் சற்று விட்டுக்கொடுக்கிறேன் என்றேன்.

முதல் வேலையாக, நான் செய்த மாற்றங்கள் அனைத்தையும் நீக்கிப் பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். பெயர்ந்த செப்புத் தடத்திற்கு மெல்லிய கம்பியால் பாலம் அமைத்தான். சில்லு அமர்வதற்கு எட்டுக் கால் தாங்கி ஒன்றைப் பொருத்தினான். இனிச் சூடு வைக்காமலே சில்லை எடுக்கலாம், வைக்கலாம். பிறகு என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு சில்லுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி வாசித்துக் காட்டினான். எது எந்தச் சில்லு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்த மாற்றத்திற்காகப் பலகையையே பாழாக்கினேனோ, அதனால் என் காதுக்கு எந்த வேறுபாடும் இல்லை!

அடுத்ததாக மின்தேக்கி. கடையிலிருந்த பெரிய ஒலிபெருக்கியில் ஒரு பாடலின் பேஸ் ஒலியை ஓடவிட்டு, அதனோடு சேர்த்து என்னை வாசிக்கச் சொன்னான். அங்கேதான் 720 ஹெர்ட்ஸின் பொருள் எனக்கு விளங்கியது. அந்த எல்லைக்கோடு குறையன்று. அடித்தளத்தைப் பேஸ் கித்தாருக்கும் தாளத்திற்கும் விட்டுக்கொடுத்து, நடுவில் தனக்கென ஓர் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. தாழ்ந்த ஒலிகளை மிகுதியாகப் பெருக்கி மழுக்கினால், அவை மற்றெல்லா ஒலிகளையும் கலக்கிச் சேறாக்கிவிடும். தனியே கேட்கும்போது மெலிவாகத் தெரிந்தது, கூட்டத்தில் தெளிவாக இருந்தது. 0.047-க்கும் 0.1-க்கும் இடையில் 0.068 மைக்ரோபாரட்டைப் பொருத்திப் பார்த்தான். எல்லை ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸுக்கு வந்தது. நான் கேட்ட 'உடம்பு' கிடைத்தது. பேஸும் தன் இடத்தில் இருந்தது.

டையோடுகளில் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இரண்டுமாக வைத்தான். அலையின் இரு பக்கங்களும் வெவ்வேறு அளவில் மழுங்கும்போது கரகரப்பின் குணம் மாறுகிறது. எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பாகத்தைத்தான் மாற்றினான். ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்கச் செய்து, நான் சொன்னதைத் தாளில் குறித்துக்கொண்டான்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது, பலகையிலிருந்து பார்வையை எடுக்காமலே ஒன்று சொன்னான்.

"சார், என் ரிப்போர்ட்டு புத்தகத்துல மூணு வருசமும் நீங்க ஒரே வரிதான் எழுதினீங்க. 'இன்னும் நன்றாக முயற்சி செய்ய வேண்டும்'னு. அம்மா படிச்சிட்டு, 'என்னடா முயற்சி பண்ணணும், சொல்லு'ன்னு கேப்பாங்க. எனக்கும் தெரியாது சார். தெரியலன்னு சொன்னா அடி விழும்."

குற்றஞ்சாட்டும் குரல் அன்று அது. என்றோ பெய்த மழையைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னான். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதும் சொல்லியிருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது.

வீட்டிற்கு வந்து அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது பேருக்கு மேற்பட்ட வகுப்பில், தவணை முடியும் நேரத்தில், நள்ளிரவில் உட்கார்ந்து எழுதும் குறிப்பு அது. 'நன்று', 'பாராட்டுகள்', 'கவனம் தேவை', 'இன்னும் நன்றாக முயற்சி செய்ய வேண்டும்' என்னும் நான்கைந்து வரிகளைச் சுற்றிச் சுற்றி எழுதுவோம். ஆசிரியர்கள் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. மதிப்பீட்டு முறைகள் மாறின. குறிப்பு எழுதும் அந்த ஒற்றை வரி மட்டும், என் வகுப்பில், மாறவே இல்லை. 'இன்னும் நன்றாக' என்று நான் அவன் கடையில் கேட்டதும், அவனுக்கு மூன்றாண்டுகள் எழுதியதும் ஒரே வரிதான்.

அடுத்த தவணையில் குறிப்புகளை வேறுவிதமாக எழுத முயன்றேன். ஒரு பிள்ளைக்கு, 'வாசிப்பில் தடையில்லை. எழுதும்போது ஒற்றெழுத்துகளை விட்டுவிடுகிறார். நாள்தோறும் மூன்று வாக்கியங்கள் சொல்வதெழுதுதல் போதும்' என்று எழுதினேன். இன்னொரு பிள்ளைக்கு, 'கதை சொல்வதில் வல்லவர். எழுதத் தொடங்கத் தயங்குகிறார். முதல் வாக்கியத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள்' என்று எழுதினேன். வழக்கமாக ஓரிரவில் முடியும் வேலைக்கு ஐந்து இரவுகள் பிடித்தன. சில பிள்ளைகளுக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளை நான் சரியாகக் கவனித்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் வகுப்பில் அவர்களின் அருகில் போய் உட்கார்ந்தேன்.

ஓயாமல் பேசும் பையன் ஒருவனுக்கு 'வாயைக் குறைத்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதப் போனேன். 720 ஹெர்ட்ஸ் நினைவுக்கு வந்தது. குழுவேலை கொடுத்தால் பேசாத பிள்ளைகளையும் பேச வைப்பவன் அவன்தான். எழுதாமல் விட்டேன்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாய் வந்தார். "பையன் இன்னும் நல்லாப் படிக்கணும் சார்," என்றார். முன்பென்றால் தலையாட்டி அனுப்பியிருப்பேன். "எதுல நல்லா வரணும்னு நினைக்கிறீங்க அம்மா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கூல்ல என்ன படிச்சான்னு என்கிட்ட வந்து சொல்லணும் சார். இப்போல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல," என்றார். அவருக்கு வேண்டியது மதிப்பெண்ணே அன்று. இருவரும் சேர்ந்து ஒரு வழி யோசித்தோம். இரவு உணவின்போது அன்று படித்த பாடத்தில் ஒரு சொல்லை அவன் அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நடக்காத நாள்களும் உண்டு என்கிறார்.

பெட்டியின் கதையை முடித்துவிடுகிறேன். கூலியாக முப்பது வெள்ளி வாங்கிக்கொண்டான். ஆசிரியர் தினத்தன்று அதை வாசித்தேன். பேஸ் நண்பர் குறைசொல்லவில்லை. பெட்டியோடு ஒரு சிறு உறையையும் அவன் கொடுத்திருந்தான். உள்ளே, கழற்றிய பாகங்களும் ஒரு துண்டுத்தாளும் இருந்தன. அதில் அவன் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

'மின்தேக்கி 0.047 எடுத்து 0.068 போட்டது. டையோடு ஒரு பக்கம் ஒன்று கூட. சில்லு பலையதே. கரகரப்பு கொஞ்சம் குறையும், கம்பி தனியாக கேட்கும். பிடிக்காவிட்டால் மாற்ற பலைய பாகங்கல் உல்லே.'

என்ன மாற்றினான், என்ன குறையும், என்ன கிடைக்கும், திரும்பிப் போக வழி எது என்று ஐந்து வாக்கியங்களில் எல்லாம் இருந்தது. நான் அறிக்கைகளில் எழுதிய எந்தக் குறிப்பும் இதற்கு ஈடாகாது. அத்தாளை என் பாடத்திட்டக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

ஒட்டும்போதுதான் கவனித்தேன். 'பலைய', 'பாகங்கல்', 'உல்லே'. ழகரமும் ளகரமும் வர வேண்டிய இடமெல்லாம் லகரம். சந்திப்பிழை ஒன்றிரண்டு இருந்தாலும், மற்ற எழுத்துகளில் தவறில்லை. பத்து வயதிலும் அவன் இப்படித்தான் எழுதியிருப்பான். அவன் கட்டுரைகளை மூன்றாண்டுகள் சிவப்பு மையால் நிறைத்தவன் நான். தவறுகளை வட்டமிட்டேன்; அவையெல்லாம் ஒரே தவறு என்று ஒருநாளும் அவனிடம் சொல்லவில்லை.

சென்ற மாதம் வேறொரு வேலையாக அவன் கடைக்குப் போயிருந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கிவிட்டு, ஒரு தாளில் மூன்று சொற்களையும் சரியாக எழுதிக் காட்டினேன். நாக்கு எங்கே போய்த் தொட வேண்டும் என்று சொல்லிக் காட்டினேன். கடையில் வேறு வாடிக்கையாளர் இல்லாதது நல்லதாயிற்று. அவன் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"இது மட்டுந்தானா சார்?"